அச்சில் வராத வலிமை

1976 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த பொனிட்டோ போட்ஸ் நிறுவனம் ஒரு ஃபைபர் கிளாஸ் உல்லாசப் படகை உருவாக்கியது. 5விபிஆர் என்பது அதன் மாடல் பெயர். முதலில் பொறியியல் வரைபடங்கள் போட்டார்கள். அவற்றைப் பார்த்துக் கடின மரத்தில் ஒரு மாதிரி செய்தார்கள். மாதிரியின் மேல் ஃபைபர் கிளாஸைத் தெளித்து அச்சு எடுத்தார்கள். பிறகு அந்த அச்சிலிருந்து படகுகளை வார்த்து விற்றார்கள். இந்த நான்கு வேலைகளில் மூளையையும் காலத்தையும் பணத்தையும் அதிகம் கேட்பவை முதல் இரண்டு.

அப்படி விற்பனைக்கு வந்த ஒரு படகை விலைக்கு வாங்குபவருக்கு அந்த இரண்டு வேலையும் மிச்சம். மர மாதிரி இருந்த இடத்தில் வாங்கிய படகையே கவிழ்த்து வைத்து, மெழுகு தேய்த்து, மேலே ஃபைபர் கிளாஸை அடுக்கினால் அச்சு தயாராகிவிடும். டென்னசி மாநிலத்தின் தண்டர் கிராஃப்ட் நிறுவனம் 5விபிஆர் படகை இப்படித்தான் நகலெடுத்தது என்று 1984 டிசம்பரில் பொனிட்டோ வழக்குத் தொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பைப் பின்னால் பார்ப்போம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அச்சு எடுப்பவரின் கைக்கு உண்மையில் என்ன வந்து சேர்கிறது?

வெளிப்பரப்பு வந்து சேர்கிறது. படகின் முன்முனையான அணியத்தின் கூர்மை, அடிப்பகுதியின் வளைவு, பக்கங்களின் சரிவு எல்லாம் அப்படியே வரும். மூலப்படகில் இருந்த கீறல்கூடத் தப்பாது. ஆனால் அந்தப் பரப்புக்குப் பின்னால் எத்தனை அடுக்குகள் இருந்தன, இழைகள் எந்தத் திசையில் ஓடின, கண்ணாடி எவ்வளவு, பிசின் எவ்வளவு, உள்ளே முட்டுகள் எங்கே இருந்தன என்பவற்றில் ஒன்றுகூட அச்சில் பதிவதில்லை. அச்சு வடிவத்தை நகலெடுக்கும். வலிமையை நகலெடுக்காது. நகல் படகு கரை சேருமா என்பது இந்த இடைவெளியை அதைச் செய்பவர் எப்படி நிரப்புகிறார் என்பதைப் பொறுத்தது.

இழையும் பிசினும்

கண்ணாடி உடையும் பொருள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதை நம்பிக் கடலில் இறங்குவது எப்படி? இதற்கான விடையின் வேர் 1920இல் இருக்கிறது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஏ.ஏ. கிரிஃபித், கண்ணாடியை உருக்கி மெல்லிய கம்பிகளாக இழுத்து, ஒவ்வொன்றையும் அறுந்துபோகும்வரை இழுத்துப் பார்த்தார். சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியைவிட, சுமார் 3 மைக்ரான் தடிமனுள்ள இழை, அதே குறுக்குவெட்டுப் பரப்புக்குக் கணக்கிட்டால், ஏறக்குறைய 20 மடங்கு வலுவாக இருந்தது.

காரணத்தையும் அவரே விளக்கினார். கண்ணாடிப் பொருளில் குறையில்லை. அதன் மேலுள்ள, கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களில்தான் குறை. இழுக்கும்போது விசை முழுவதும் விரிசலின் முனையில் குவிந்து அதை ஓட வைக்கிறது. இழை மெலிய மெலியப் பெரிய விரிசலுக்கு இடமில்லாமல் போகிறது. இழைக்கு இழை தொடர்பில்லாததால், ஒன்று அறுந்தாலும் விரிசல் அடுத்ததற்குத் தாவ முடியாது.

ஆனால் இழையை மட்டும் வைத்துப் படகு செய்ய முடியாது. இழுத்தால் தாங்கும், தள்ளினால் மடங்கிவிடும். அதைப் பிடித்து நிறுத்தப் பிசின் வேண்டும். வீட்டுக்குத் தளம் போடும்போது கம்பி இழுவிசையையும் காங்கிரீட் அழுத்தத்தையும் பங்கிட்டுக்கொள்வதைப் போல, இங்கே இழையும் பிசினும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஓர் இழையிலிருந்து அடுத்த இழைக்குச் சுமையைக் கடத்துவது பிசின். இழையின் மேல் கீறல் விழாமல் காத்து, கிரிஃபித் கண்ட வலிமையைப் பல ஆண்டுகள் நீடிக்கச் செய்வதும் அதுதான். 1930களில் கண்ணாடி இழை ஆலையில் உற்பத்தியாகத் தொடங்கியது. 1942இல் ஓஹையோ மாநிலத்தின் ரே கிரீன், பாலியெஸ்டர் பிசினையும் கண்ணாடி இழையையும் சேர்த்து ஒரு சிறு படகைச் செய்தார்.

இன்றைய பட்டறைகளில் இழை இரண்டு முக்கிய வடிவங்களில் வருகிறது. ஒன்று மேட். நறுக்கிய இழைகள் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடக்கும் விரிப்பு. மற்றொன்று ரோவிங். தடித்த இழைக் கற்றைகளைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்த துணி. கையால் அடுக்கும் மேட்டில் எடைக் கணக்குப்படி கண்ணாடி 30 சதவீதம் இருக்கும். ரோவிங்கில் அது பாதியை நெருங்கும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை நனைக்க ஏறக்குறைய 1 கிலோ பிசின் வேண்டும். இறுகியபின் அந்த அடுக்கின் தடிமன் சுமார் 1 மில்லிமீட்டர். அதற்குமேல் ஊற்றும் பிசின் எடையைக் கூட்டுமே தவிர வலுவைக் கூட்டாது. குறைவாக ஊற்றினால் உள்ளே காற்றுக் குமிழிகள் தங்கும். அந்த வழியாகத் தண்ணீர் நுழையும்.

ஆக, ஒரே அச்சிலிருந்து வெளிவந்த இரண்டு படகுகள் ஒரே பளபளப்போடு பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். ஒன்று 20 ஆண்டு உழைக்கும். மற்றொன்று முதல் பருவத்திலேயே வாய் பிளக்கும். பார்வையால் அவற்றைப் பிரித்தறிய முடியாது.

படகே மாதிரியாகும்போது

நகலெடுக்கும் வேலை பெரும்பாலும் தயாரிப்பு வேலைதான். முதல் கேள்வி, மூலப்படகு நகலெடுக்கத் தகுந்ததா என்பது. பல ஆண்டு உழைத்த மரப்படகு அதன் பிறந்த வடிவில் இருக்காது. படகின் நடுப்பகுதி அகலமானது, தண்ணீர் அதை அதிகம் தாங்கும். அணியமும் பின்முனையான அமரமும் ஒடுங்கியவை, அங்கே தாங்கல் குறைவு. காலப்போக்கில் இரு முனைகளும் தொய்ந்து, படகின் முதுகெலும்பான ஏராவின் நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்துவிடும். இடமும் வலமும்கூடச் சமமாக இருக்காது. இந்த முதுமையை அப்படியே அச்சில் எடுத்தால், வரப்போகும் படகுகள் எல்லாம் பிறக்கும்போதே கிழடாகப் பிறக்கும். எனவே படகைக் கவிழ்த்து வைத்தபின், முனையிலிருந்து முனைக்குக் கம்பி இழுத்துக் கட்டி நடுக்கோட்டைக் குறிக்க வேண்டும். அதிலிருந்து இருபுறமும் சம தூரத்தில் அளந்து பார்க்க வேண்டும். தொய்வு இருந்தால் முட்டுக் கொடுத்து நிமிர்த்த வேண்டும்.

அடுத்தது பரப்பு. பலகை இணைப்புகள், ஆணித் தலைகள், பழைய பெயின்ட் மேடுகள் எல்லாவற்றையும் பட்டியால் நிரப்பி, வளையும் நீண்ட சட்டத்தை வைத்துப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து ஒரே வழவழப்புக்குக் கொண்டுவர வேண்டும். பிசின் திரவமாக இருக்கும்போது மிகச் சிறிய குழிக்குள்ளும் இறங்கும். இறுகியபின் அங்கே பூட்டுப் போட்டதுபோல் மாட்டிக்கொள்ளும். படகின் பக்கங்கள் மேலே போகப்போக உள்ளே சாய்ந்திருந்தாலும் இதே சிக்கல்தான். ஒரே துண்டாக அச்சு எடுத்தால் படகு வெளியே வராது. அப்போது ஏராவின் நெடுக்கே ஒரு தடுப்புப் பலகை நிறுத்தி, அச்சை இரண்டு பாதிகளாகச் செய்து, விளிம்புகளை போல்ட் போட்டு இணைக்கிறார்கள்.

பிறகு மெழுகு. பல முறை பூசி, ஒவ்வொரு முறையும் துடைத்து மெருகேற்ற வேண்டும். அதன்மேல் பாலிவினைல் ஆல்கஹால் கரைசலைப் பூசினால் மெல்லிய ஏடாகக் காயும். பிசினுக்கும் படகுக்கும் நடுவே நிற்பது இந்த ஏடும் மெழுகும் மட்டுமே. உள்ளங்கை அளவு இடம் விட்டுப்போனாலும் மூலப்படகும் அச்சும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டில் ஒன்றை உடைக்காமல் பிரிக்க முடியாது.

அதன்மேல் அச்சுக்கென்றே வரும் கடினமான ஜெல் கோட் என்னும் பிசின் பூச்சு, பிறகு மெல்லிய மேட், பிறகு தடித்த அடுக்குகள் என்று வரிசையாக ஏறும். அச்சின் தடிமன், அதில் செய்யப்போகும் படகின் தடிமனைப் போல இரு மடங்கு இருப்பது வழக்கம். இதற்குக் காரணம் வளைவு எதிர்ப்பின் கணக்கு. ஒரு தகட்டின் தடிமன் இரட்டித்தால் அதை வளைக்கத் தேவையான விசை 2 மடங்கல்ல, 8 மடங்கு ஆகிறது. அச்சு வளைந்தால் அதில் வரும் ஒவ்வொரு படகும் வளைந்தே வரும். அதனால்தான் மூலப்படகின் மேல் இருக்கும்போதே அச்சின் முதுகில் இரும்புக் குழாயாலோ மரத்தாலோ சட்டகம் கட்டிவிடுகிறார்கள். கழற்றியபின் கட்டினால், அதற்குள் மாறிவிட்ட வடிவத்தைத்தான் சட்டகம் நிலைநிறுத்தும்.

இறுகும் வேதியியல்

அச்சு தயார். இனி படகு. மெருகேற்றி மெழுகிட்ட அச்சின் உட்புறத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஜெல் கோட் பூச வேண்டும். நாளை படகின் வெளித்தோலாக இருக்கப்போவது இதுதான். வெளியிலிருந்து உள்ளே என்று படகு தலைகீழ் வரிசையில் உருவாகிறது. ஜெல் கோட் விரலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் மேட்டை விரித்து, பிசினில் நனைத்து, வரிகள் கொண்ட உலோக ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்றுவார்கள்.

பிசின் காய்வதாகச் சொல்கிறோம். உண்மையில் அது காய்வதில்லை, பின்னிக்கொள்கிறது. பாலியெஸ்டர் பிசின் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்த கலவை. சங்கிலிகளில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. 1 முதல் 2 சதவீதம் வரை சேர்க்கும் கேட்டலிஸ்ட் ஒரு பெராக்சைடு. பிசினில் முன்பே கலந்திருக்கும் கோபால்ட் உப்பு, அதாவது ஆக்ஸிலரேட்டர், அந்தப் பெராக்சைடை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் இரட்டைப் பிணைப்புகளைத் திறந்துவிட, ஸ்டைரீன் மூலக்கூறுகள் சங்கிலிக்குச் சங்கிலி பாலம் கட்டிக்கொண்டே போகின்றன. சிறிது நேரத்தில் திரவம் கூழாகிறது, பிறகு கல்லாகிறது. மறுபடி உருக்க முடியாத ஒரே வலையாகிவிடுகிறது.

இந்த வேதிவினை மூன்று விதிகளைப் படகு கட்டுபவர் மேல் சுமத்துகிறது. முதலாவது வெப்பம். பாலம் கட்டும்போதெல்லாம் வெப்பம் வெளிப்படும். பல அடுக்குகளை ஒரே மூச்சில் ஏற்றினால் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே கூடி, அடுக்குகள் வெடிக்கும், நிறம் மாறும். இரண்டாவது சுருக்கம். பாலியெஸ்டர் பிசின் இறுகும்போது அதன் கன அளவில் சுமார் 7 சதவீதம் குறைகிறது. கண்ணாடி இழை அதைப் பெருமளவு தடுத்தாலும் மிச்சச் சுருக்கம் உண்டு. அளவோடு இருந்தால் அது படகை அச்சிலிருந்து விடுவிக்க உதவும். அவசரப்பட்டால் ரோவிங்கின் பின்னல், பளபளக்கும் வெளிப்பரப்பில் வரிவரியாகத் தெரியும். மூன்றாவது காற்று. ஆக்ஸிஜன் இந்த வினையை மேற்பரப்பில் தடுக்கிறது. அதனால் காற்றுப் படும் உட்புறம் சில காலம் பிசுபிசுப்பாகவே இருக்கும். அடுத்த அடுக்கு ஒட்டுவதற்கு இது நல்லது. கடைசி அடுக்குக்கு மட்டும் மெழுகு கலந்த பிசின் பூசுகிறார்கள். மெழுகு மேலே மிதந்து காற்றைத் தடுக்க, மேற்பரப்பும் இறுகிவிடுகிறது.

வேலை செய்பவரின் உடலைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்டைரீன் ஆவி மூச்சுக்குக் கேடு. காற்றோட்டமும் முகமூடியும் இல்லாமல் அதோடு நாள் முழுவதும் நிற்கக் கூடாது. கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கேட்டலிஸ்டையும் ஆக்ஸிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஒன்றைப் பிசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். எந்தப் பட்டறையிலும் இதற்கு விலக்கில்லை.

மரம் போய் ஃபைபர் வந்தால்

மூலப்படகும் ஃபைபர் கிளாஸாக இருந்தால் நகலெடுப்பவருக்குப் பாதிக் கவலைதான். மூலம் மரமாக இருந்தால் பொருளே மாறுகிறது. அப்போது வடிவம் ஒன்றாக இருந்தாலும் படகு வேறு.

25 மில்லிமீட்டர் தேக்குப் பலகை சதுர மீட்டருக்குச் சுமார் 16 கிலோ. அதன் இடத்தில் 6 மில்லிமீட்டர் மேட் அடுக்கு வைத்தால் 9 கிலோகூட வராது. கிழிபடாமல் தாங்குவதற்கு அந்த 6 மில்லிமீட்டர் போதும். வளையாமல் நிற்பதற்குப் போதாது. மேட் அடுக்கின் விறைப்பு மரத்தின் நெடுக்கு விறைப்பைவிடச் சற்றுக் குறைவு, தடிமனோ கால்பங்கு. மேலே சொன்ன கணக்கைப் போட்டால், வளைவு எதிர்ப்பு ஏறக்குறைய நூறில் ஒரு பங்காக விழுகிறது. அலை அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தோல் உள்ளே போய் வெளியே வரும். நாள்பட்டால் களைத்து விரியும். மரப்படகின் விலா எலும்புகளான வங்குக்கால்கள் செய்த வேலையைச் செய்ய, ஃபைபர் படகின் உள்ளே நெடுக்கிலும் குறுக்கிலும் முட்டுச் சட்டங்களை வைத்து மேட்டால் போர்த்தியாக வேண்டும். அச்சில் வராத இந்த எலும்புக்கூட்டைத்தான் மலிவான நகல்கள் முதலில் கைவிடுகின்றன.

எடை குறைந்ததால் இன்னொன்றும் நடக்கிறது. படகு தண்ணீரில் உயர்ந்து மிதக்கும். மூலப்படகில் நீருக்குள் இருந்த வளைவின் ஒரு பகுதி நகலில் நீருக்கு மேலே வந்துவிடும். ஈர்ப்பு மையமும் இடம் மாறும். படகு சாயும் விதமும் நிமிரும் விதமும் மாறும். அச்சு அள்ளிக்கொண்டு வந்த வடிவம்கூட, தண்ணீரில் இறங்கியதும் அதே வடிவமாக வேலை செய்வதில்லை. எஞ்சின், ஐஸ், வலை ஆகியவற்றின் எடையை எங்கே வைப்பது என்பதை நகலெடுப்பவர் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

மூன்றாவது மாற்றம் உயிர் சம்பந்தப்பட்டது. மரம் தண்ணீரைவிட லேசானது. கட்டுமரத்தின் மேல் எத்தனை அலை ஏறினாலும் அது மூழ்காது. ஃபைபர் கிளாஸ் தண்ணீரைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனமானது. தண்ணீர் நிரம்பினால் ஃபைபர் படகு எஞ்சினோடு நேரே அடியில் போய் உட்காரும். இதற்கான விடையை 1958இல் பாஸ்டன் வேலர் படகு காட்டியது. அதன் உள்தோலுக்கும் வெளித்தோலுக்கும் நடுவே நுரையை நிரப்பியிருந்தார்கள். 1961இல் லைஃப் இதழ் வெளியிட்ட படங்களில், நிறுவனர் டிக் ஃபிஷர் படகில் உட்கார்ந்திருக்க, படகு ரம்பத்தால் இரண்டாக அறுக்கப்படுகிறது. அறுபட்ட பிறகும் அது மிதக்கிறது. ஒரு கன மீட்டர் நுரை சுமார் 950 கிலோவைத் தாங்கும். அந்த இடத்தை மீன் வைக்கவோ எரிபொருள் வைக்கவோ பயன்படுத்தலாமே என்ற ஆசை எழும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

இவை தமிழகக் கரைக்கு நேரடியாகப் பொருந்தும் சங்கதிகள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடா மீன்வளத் திட்டம், அலை உடையும் மணற்கரையிலிருந்து இறங்கி ஏறக்கூடிய ஃபைபர் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. துறைமுகத்தில் கட்டி வைக்கும் படகுக்கும் மணலில் இழுத்து ஏற்றும் படகுக்கும் அடிப்பகுதி ஒன்றாக இருக்க முடியாது. மணல் தினமும் ஏராவை அரைக்கிறது. உடையும் அலை படகைத் தரையில் அறைகிறது. அங்கே கூடுதல் அடுக்குகள் வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இழந்த கட்டுமரங்களுக்கும் படகுகளுக்கும் பதிலாக ஃபைபர் படகுகள் பெரும் எண்ணிக்கையில், பெரும் அவசரத்தில் செய்யப்பட்டன. ஓர் அச்சு கையில் இருந்தால் யாரும் படகு செய்யலாம் என்ற நிலை எவ்வளவு பெரிய வசதியோ அவ்வளவு பெரிய ஆபத்து.

நீதிமன்றம் பார்த்த பரப்பு

பொனிட்டோ தன் படகுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கவே இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு மேல் படகு சந்தையில் இருந்த பிறகு, 1983 மே மாதம் ஃபுளோரிடா ஒரு சட்டம் போட்டது. பிறர் செய்த படகின் மேல் நேரடியாக அச்சு எடுத்து, எழுத்துப்பூர்வ அனுமதியின்றி விற்பனைக்கு நகல் செய்வது சட்டவிரோதம் என்றது அது. அளந்து, வரைந்து, புதிதாக மாதிரி செய்து அதே படகைக் கட்டுவதை அது தடுக்கவில்லை. தடுத்தது குறுக்குவழியை மட்டும்தான்.

பொனிட்டோ வழக்கில் 1989 பிப்ரவரி 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாகச் செல்லாததாக்கியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். காப்புரிமை பெறாமல் பொதுவெளிக்கு வந்த வடிவத்தை எல்லோரும் படிக்கலாம், பின்பற்றலாம். அந்தச் சுதந்திரத்தின் மேல்தான் புதுமை வளர்கிறது. காப்புரிமைக்கு நிகரான பாதுகாப்பை ஒரு மாநிலம் தன் விருப்பத்துக்கு வழங்க முடியாது. இதுவே தீர்ப்பின் சாரம். பின்னர் 1998இல் அமெரிக்க நாடாளுமன்றமே படகு உடல்களின் அசல் வடிவங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, பதிவு செய்தவற்றுக்கு 10 ஆண்டுப் பாதுகாப்பு அளித்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவான வடிவத்துக்கு 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை உண்டு. எனவே நேற்றுச் சந்தைக்கு வந்த படகை நகலெடுக்கும் முன் அது பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது கடமை. தலைமுறைகளாகக் கடற்கரை மக்கள் செதுக்கிவந்த வடிவங்களை நகலெடுத்துக் காப்பதோ நல்ல காரியம்.

இந்தச் சட்டங்களும் தீர்ப்பும் பேசுவது வெளிவடிவத்தைப் பற்றி மட்டுமே. யாருடைய வடிவம் என்ற கேள்விக்கு அவற்றில் பதில் உண்டு. இந்த நகல் அலையைத் தாங்குமா என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

உள்ளே இருப்பதைப் படிக்கும் வழி

அந்தப் பதிலைத் தேட வழி இருக்கிறது. மூலம் ஃபைபர் படகாக இருந்தால், குழாய் பொருத்தத் துளையிடும்போது கிடைக்கும் வட்டத் துண்டை எடுத்து நிறுத்து, உலையில் சுமார் 600 டிகிரி செல்சியஸில் எரிக்கலாம். பிசின் எரிந்துபோகும், கண்ணாடி எஞ்சும். எஞ்சியதை நிறுத்தால் கண்ணாடியின் பங்கு தெரியும். ஒவ்வொரு அடுக்காகப் பிரித்தால் எது மேட், எது ரோவிங், எந்த வரிசை, எந்தத் திசை என்று படித்துவிடலாம். அடியில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என இரண்டு துண்டுகளிலேயே வடிவமைப்பாளரின் மனம் பெருமளவு வெளிப்படும். மூலம் மரமாக இருந்தால் எரித்துப் பயனில்லை, கணக்குத்தான் வழி. 24 மீட்டர் வரையுள்ள சிறு படகுகளின் தோலும் முட்டுகளும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஐஎஸ்ஓ 12215 தரநிலை வேகத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடக் கற்றுத்தருகிறது.

செய்து முடித்த நகலையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். முழுப் படகையும் தராசில் ஏற்றினால், பயன்படுத்திய மேட், பிசின் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று உடனே தெரிந்துவிடும். கடினத்தை அளக்கும் பார்கோல் கருவியின் ஊசியை அழுத்தினால் பிசின் முழுமையாக இறுகியதா என்பது தெரியும். ஆழமில்லாத தண்ணீரில் படகை நிறைத்துப் பார்த்தால் நுரை போதுமா என்பது தெரியும். பெரிய ஆய்வகமோ பெரிய செலவோ இவற்றுக்குத் தேவையில்லை.

மரப்படகு வாங்கப் போகிறவர் பலகையைத் தட்டிப் பார்ப்பார், இணைப்பைத் தடவிப் பார்ப்பார், ஏராவின் ஓட்டத்தைப் பார்ப்பார். அவர் பார்க்க வேண்டியதெல்லாம் கண்ணெதிரே இருந்தது. ஃபைபர் படகில் அந்த வாய்ப்பை ஜெல் கோட்டின் பளபளப்பு பறித்துவிட்டது. அதைத் திருப்பித் தருவது செய்பவரின் பொறுப்பு. எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தப் பிசின், எவ்வளவு நுரை, எத்தனை பேர், எவ்வளவு சுமை என்று எழுதிய ஒரு தாள் ஒவ்வொரு படகோடும் வாங்குபவர் கைக்குப் போக வேண்டும். அச்சைச் சொந்தமாக வைத்திருப்பவர் வடிவத்துக்கு மட்டுமே உரிமை கொண்டாடலாம். அந்தத் தாளில் கையெழுத்திடத் துணிபவரே படகைச் செய்தவர்.